ஊட்டி போகிற வழியில் ஒரு கோட்டை இருக்கிறது

சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஊட்டியா, கொடைக்கானலா, மைசூரா என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்பீர்கள். ஒப்புதல் கடிதம் வீட்டுக்கு வரும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுவார்கள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, தனக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு காரணம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விடியற்காலையில் பாட்டுச் சத்தத்தோடு பஸ் கிளம்பும். சேலத்திலிருந்து கோவைச் சாலையைப் பிடித்து, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, இருட்டில் சங்ககிரி மலையைக் கடந்துபோகும். அந்த மலையின் சரிவு நெடுகக் கோட்டை மதில் ஏறிப் போகிறது. பஸ்ஸில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சமூக அறிவியல் புத்தகத்தில் தீரன் சின்னமலை இருக்கிறார். அவரைத் தூக்கிலிட்ட இடத்தைத்தான் பஸ் தாண்டிப் போகிறது என்று யாரும் அவர்களை எழுப்பிச் சொல்வதில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப்போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து விடுவது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். அனுமதி வாங்க வேண்டும், பெற்றோரைச் சமாதானப்படுத்த வேண்டும், வழியில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் வைத்திருக்க வேண்டும். ஊட்டிக்கும் போய் வாருங்கள். அதற்கு முன்பாக, இந்தச் சமவெளியில் பக்கத்திலேயே இருக்கும் பழைய கோட்டைகளுக்கும் குகைகளுக்கும் கோயில்களுக்கும் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப்போங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நாமக்கல்லில் இருந்தே தொடங்குகிறேன், அது என் ஊர் என்பதால்.

நாமக்கல் பிள்ளைகளுக்கு ஆஞ்சநேயரைத் தெரியும். பதினெட்டு அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். அவர் கைகூப்பி யாரைப் பார்த்து நிற்கிறார் என்று கேளுங்கள். எதிரே மலையடிவாரத்தில் நரசிம்மர் கோயில் இருக்கிறது. வடைமாலை சாத்திவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்களும் தீபாராதனை பார்த்துத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே கருவறை என்பது மலையைக் குடைந்த குகை. நடுவில் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார். பக்கச் சுவர்களைக் கண் பழகும் வரை நின்று பார்க்க வேண்டும். இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், பூமித்தாயைத் தூக்கி வரும் வராகர், ஒரு காலைத் தலைக்கு மேல் வீசி உலகளக்கும் திரிவிக்கிரமர், பாம்பின் மேல் வீற்றிருக்கும் வைகுண்ட நாராயணர். எல்லாமே தாய்ப்பாறையிலேயே செதுக்கியவை. தனியாகச் செய்து கொண்டுவந்து ஒட்டியது எதுவும் இல்லை. உளி ஒரு இடத்தில் தவறினால் மாற்றுக் கல் கிடையாது.

அதே மலையின் கிழக்குப் பக்கம் போனால் அரங்கநாதர் குகை. அவர் பள்ளிகொண்டிருப்பது கார்க்கோடகன் மேல். இந்தக் குகைகளை வெட்டுவித்தவர் அதியர் குலத்தைச் சேர்ந்த குணசீலன் என்ற அரசர். கல்வெட்டு இதை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று சொல்கிறது. காலம் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை உங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அவன் ஊர். அந்தக் குலப்பெயரைச் சொல்லிக்கொண்ட ஒருவர், சங்க காலத்துக்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பக்கம் ஆட்சியில் இருந்து, நம் ஊர்ப் பாறையைக் குடைந்திருக்கிறார். பாடத்தில் வந்த பெயர், பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துபோகிற தூரத்தில் கல்லில் இருக்கிறது. தமிழாசிரியர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கணக்கு ஆசிரியர்களுக்கும் அங்கே வேலை உண்டு. நாமகிரித் தாயார் சந்நிதி கணிதமேதை இராமானுஜத்தின் குடும்பம் வழிவழியாகக் கும்பிட்டு வந்த இடம். இங்கிலாந்து போவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருந்தபோது அவர் இங்கே வந்து தங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1914இல் கப்பல் ஏறினார். கணக்கில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாத பிள்ளைக்கும் இந்தக் கதை பிடிக்கும்.

அப்புறம் மலையேற வேண்டும். பாறையிலேயே வெட்டிய குறுகலான படிகள். ஏறிப் போனால் கோட்டை. உச்சியில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்தான் இடம். அதைச் சுற்றி மதில், ஊடே சுடுவதற்கு விட்ட துளைகள். உள்ளே ஒரு பெருமாள் கோயிலும் ஒரு பள்ளிவாசலும். யார் கட்டினார் என்பதில் இரண்டு பேச்சு உண்டு. சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பார்கள். மைசூர் அதிகாரி லட்சுமி நரசய்யா என்றும் சொல்வார்கள். இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வரலாறு என்றால் ஒரே விடை என்று பழகிப்போன பிள்ளைகளுக்கு, விடை இன்னும் முடிவாகாத ஒரு கேள்வியை நேரில் காட்டுவது நல்லது. 1768இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. சில மாதங்களில் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார்.

மேலே நின்று சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே கமலாலயக் குளம். கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கிடக்கும். ஊருக்கு வெளியே கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், கரூருக்கும் சேலத்துக்கும் ஓடும் நெடுஞ்சாலை. இந்த உயரத்தில் ஒருவன் காவல் இருந்தால் எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் தெரிந்துவிடும். கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

சங்ககிரிக்கு ஒரு முழுநாள் வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டை அது. பின்னால் வந்தவர்கள், மைசூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும், தங்கள் பங்குக்கு மதிலும் வாசலும் கட்டிக்கொண்டே போனார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,300 அடிக்கு மேல் உயரம். ஒரு பக்கமாகத்தான் ஏற முடியும். ஒரு வாசலைத் தாண்டினால் அடுத்தது, அதைத் தாண்டினால் இன்னொன்று. எந்த வாசலும் நேராக எதிரே இருக்காது. மதிலை ஒட்டித் திரும்பிப் போக வேண்டும். வாசலை உடைக்க வருகிறவன் ஓடிவந்து மோத இடம் இல்லாமல் செய்த ஏற்பாடு. ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கீழே நிற்கவைத்து, நீ படை எடுத்து வந்தால் எங்கே ஏணி வைப்பாய் என்று கேளுங்கள். அடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு வேலை இருக்காது, அவர்களே பேசிக்கொள்வார்கள்.

மதில் கல்லைக் கிட்டத்தில் காட்டுங்கள். சில கற்களின் ஓரத்தில் விரற்கடை அகலத்தில் குழிகள் வரிசையாக இருக்கும். பாறையில் கோடு போட்டு, கோட்டில் குழி தட்டி, ஆப்பு அடித்துப் பிளந்ததன் தடம். இன்றும் நம் பக்கம் கல் உடைக்கிறவர்கள் இதே முறையில்தான் கையால் பாறை பிளக்கிறார்கள். உங்கள் வகுப்பில் கல்குவாரி வேலைக்குப் போகிற அப்பாவின் பிள்ளை ஒன்று இருந்தால், அதற்கு இந்தக் குழியின் சேதி உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதைப் பேச விடுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, ஒரு வரலாற்றுச் சின்னத்தின் முன்னால் எல்லாருக்கும் பாடம் சொல்லும் வாய்ப்பு ஊட்டியில் கிடைக்காது.

மேலே சுனைகள் உண்டு. தண்ணீர் இல்லாமல் கோட்டை இல்லை என்பதைப் பிள்ளைகள் நாக்கு வறண்டு ஏறிவந்த பிறகு சொன்னால் ஒருபோதும் மறக்காது. சென்னகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது, தானியக் கிடங்கு இருக்கிறது, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலம், பாரமகால் பகுதியைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பிறகு இந்தச் சீமைக்கு அதிகாரியாக வந்தவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் முளைவிட்டது. பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கிடக்கும் அந்தச் சொல், நம் தாத்தாக்களின் பட்டாவிலும் கிஸ்தியிலும் இருந்தது.

சின்னமலைக்கு வருகிறேன். காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். தீர்த்தகிரி என்பது பெயர். காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பினிப் படையோடு மோதியவர். பிடிபட்ட பிறகு 1805 ஜூலை 31 அன்று அவரையும் தம்பிமாரையும் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஏன் சங்ககிரி? இந்தக் கோட்டை கும்பினியின் கைக்குள் இருந்தது, சுற்றுவட்டாரம் முழுவதும் பார்க்கிற உயரம். ஒருவனை இங்கே தூக்கிலிட்டால் கொங்குநாடு முழுவதற்கும் சேதி போய்விடும். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று மக்கள் இங்கே கூடி அவரை நினைக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு மாலையும் கூட்டமும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். பிள்ளைகளுக்கு வேண்டியது வேறொரு நாள், கூட்டம் இல்லாத ஒரு காலைப்பொழுது. மதிலோரம் உட்கார்ந்து அந்த ஒரு பக்கப் பாடத்தை ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும். போதும்.

தாரமங்கலம் சேலத்துக்குப் பக்கம். கைலாசநாதர் கோயிலை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பியவர்கள் கெட்டி முதலியார்கள். மும்முடி, சீயாழி, வணங்காமுடி என்று அவர்கள் பெயரே ஒரு தோரணை. தாரமங்கலம், அமரகுந்தி, காவிரிபுரம் என்று இந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்து, கடைசியில் மைசூரின் படையெடுப்பில் வீழ்ந்தார்கள். நம் பிள்ளைகள் பானிபட் போர்கள் மூன்றுக்கும் ஆண்டு சொல்வார்கள். தங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவர்கள் யாரிடம் தோற்றார்கள் என்று தெரியாது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, சொன்னவர்கள் இல்லை.

அந்தக் கோயிலில் கோபுரத்தின் அடிப்பகுதியையே யானையும் குதிரையும் இழுக்கும் தேராகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் கல் சங்கிலி, வாயில் கல் உருண்டையோடு யாளி. உருண்டையை விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இதையெல்லாம் வழிகாட்டிகள் காட்டிவிடுவார்கள். நீங்கள் காட்ட வேண்டியது வாலி வதம். இராமன் ஒரு தூணில் வில்லோடு நிற்கிறான். வாலியும் சுக்ரீவனும் இன்னொரு தூணில் மோதுகிறார்கள். இராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்தில் நின்று பார்த்தால் இராமன் தெரியமாட்டான். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, பார்வைக் கோட்டைக் கணக்கிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மறைந்து நின்று கொல்வது சரியா என்று கம்பராமாயண வகுப்பில் காலங்காலமாக நடக்கிற வழக்கை அந்தச் சிற்பி தன் பங்குக்குக் கல்லில் பேசியிருக்கிறான். ஒரு பிள்ளையை இந்தத் தூணிலும் இன்னொன்றை அந்தத் தூணிலும் நிறுத்திப் பாருங்கள்.

கோயிலுக்கு வெளியே எட்டுப்பட்டைத் தெப்பக்குளம் இருக்கிறது. ஒரு சுவரில் கல்லை வீசினால் எட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பும் என்று ஊரில் சொல்வார்கள். கல் வீச வேண்டாம். எந்தக் கோணத்தில் வீசினால் அப்படித் திரும்பக்கூடும் என்று நோட்டில் வரைந்து பார்க்கச் சொன்னால் போதும்.

ஆத்தூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசிட்ட நதிக்கரையில் இருக்கும் கோட்டை, சேலத்துச் சமவெளியிலிருந்து கடற்கரைச் சீமைக்குப் போகும் கணவாய் வழியைக் காத்தது. ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளைவெளேரென்று மாவு காய்வதைப் பார்த்துக்கொண்டே போகிற அந்தச் சாலைதான் ஒரு காலத்தில் படைகளின் சாலை. கோட்டைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போய் ஆறகழூரையும் பார்த்துவிடுங்கள். மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் ஊர். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன்வேய்ந்த பொன்பரப்பினான் வாணகோவரையன் இந்த வம்சத்தவன். இன்றைக்கு ஆறகழூர் ஒரு சிற்றூர். அங்கே காமநாதீசுவரர் கோயிலில் நின்று, இது தலைநகராக இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாமல் கேள்வி கேட்பதற்காகவே கூட்டிப்போக வேண்டும்.

பக்கத்திலேயே தியாகனூர். அங்கே பெரிய அளவில் அமர்ந்த கோலத்தில் இரண்டு புத்தர் சிலைகள். இந்தச் சமவெளியில் பௌத்தம் இருந்தது என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி வேண்டாம். சேலம் நகருக்குள்ளேயே பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் கும்பிட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஒரு நிதானம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே பொங்கல் வைத்த குடும்பத்துப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்ற தொனி வரக் கூடாது. கும்பிட்டதால்தான் அந்தச் சிலை இத்தனை காலம் அழிந்துபோகாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது மேட்டூர். பிள்ளைகள் பூங்காவையும் மீன் வறுவலையும் பார்த்துவிட்டு வருகிற மேட்டூரைச் சொல்லவில்லை. அணைக்கு மேலே, கொளத்தூர் பக்கம் இருக்கும் பண்ணவாடியைச் சொல்கிறேன். 1925இல் தொடங்கி 1934இல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கியபோது காவிரிக்கரைக் கிராமங்கள் மூழ்கின. மக்கள் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு, ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். சாமியை எடுத்துப் போனார்கள், கோயிலை விட்டுவிட்டுப் போனார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தண்ணீருக்குள் நின்றுவிட்டன.

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அது வெகுவாகக் குறைகிற ஆண்டில் முதலில் கோபுர உச்சி தெரியும், பிறகு நந்தியின் தலை, பிறகு முழு நந்தி. செய்தித்தாளில் படம் வரும். டெல்டா விவசாயிக்கு அந்தப் படம் வயிற்றில் புளியைக் கரைக்கும். பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12இல் தண்ணீர் திறக்க வழியில்லை என்று அதற்குப் பொருள். மூழ்கிப்போன ஊரிலிருந்து வந்த குடும்பத்தின் பேரனுக்கோ அது பாட்டன் ஊரைப் பார்க்கிற ஒரே வாய்ப்பு. ஒரே காட்சியில் ஒருவருக்குத் துயரமும் இன்னொருவருக்குத் தரிசனமும் இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பரிசல் துறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். அவர்கள் காட்டும் திசையில் எங்கே சந்தை கூடியது, எங்கே வண்டிப்பாதை போனது என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் இறங்கியபிறகு சேறு ஆழமாக இருக்கும், ஆகவே கரையிலிருந்தே பார்ப்பது நல்லது. கெட்டி முதலியாரின் காவிரிபுரமும் இந்தப் பக்கம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய இடங்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு அயர்லாந்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அந்த நாட்டின் கிராமப்புறத்தில் கார் ஓட்டிப்போனால் மாடு மேயும் வயலுக்கு நடுவே கூரையில்லாத மடங்களும் பாதி இடிந்த கோபுரங்களும் நிற்கும். ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ், டிப்பரேரியில் ஒரு பாறை மேல் காஷெல் தேவாலயம், கில்கென்னி என்ற பழைய நகரம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். 1649இல் ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை வந்தது. பல கட்டடங்கள் அப்படிப் பாழானவைதான். அவர்கள் அவற்றைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கவில்லை. விழாமல் தாங்கிப் பிடித்து, புல்லைச் செதுக்கி, சாலையோரம் ஒரு பழுப்பு நிறப் பலகை வைத்தார்கள். அரசின் பொதுப்பணி அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். காஷெலில் இருப்பதைவிட நாமக்கல் குகையில் இருப்பது காலத்தால் மூத்தது, கலையால் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் மட்டும்தான்.

அந்தப் பழக்கம் இல்லாததால் என்ன ஆகிறது என்பதைக் கோட்டைச் சுவர்களில் பார்க்கலாம். மண்டபத் தூணில் பெயின்ட்டால் இரண்டு பெயர், நடுவில் ஒரு இதயம். மூலையில் உடைந்த பாட்டில். சிற்பத்தின் முகத்தில் சுண்ணாம்பு. இதைச் செய்தவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை, நம் பள்ளிகளில் படித்து வெளியேறியவர்கள்தான். அந்தச் சுவர் தங்களுடையது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அந்தச் சுவரை நோட்டில் வரைந்த பிள்ளை, பத்தொன்பது வயதில் அதன் மேல் கிறுக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எப்படிப் போவது என்பது பற்றிச் சில வார்த்தை. ஒரு நாளைக்கு ஒரு இடம். ஒரே நாளில் ஐந்து இடம் என்று திட்டம் போட்டால் பிள்ளைகளுக்கு பஸ் ஜன்னல்தான் நினைவில் நிற்கும். காலை ஏழு மணிக்கெல்லாம் மலையடிவாரத்தில் இருங்கள், பதினோரு மணிக்குப் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் போதாது. மலைமேல் கழிப்பறை இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பெண் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது அடிவாரத்தில் ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். மதில் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் பெற்றோரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்பாக்களும் அம்மாக்களும் பலர் அந்தக் கோட்டைக்குள் கால் வைத்திருக்கமாட்டார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பயணம்.

சொற்பொழிவு வேண்டாம். பத்து நிமிடம் பேசினால் போதும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒரு குழு வாசல்களை எண்ணட்டும். ஒரு குழு ஒரே ஒரு சிற்பத்தை வரையட்டும். ஒரு குழு அர்ச்சகரிடமோ தர்காவில் இருப்பவரிடமோ போய்ப் பேசிக் குறித்துக்கொள்ளட்டும். இன்னொரு குழு கல்வெட்டில் மேலிருந்து கீழாக, தெரிந்த எழுத்து ஒன்றாவது அகப்படுகிறதா என்று தேடட்டும். கல்வெட்டின் மேல் சாக்பீஸோ எண்ணெயோ தடவ விடாதீர்கள்.

செலவுக்கும் வழி இருக்கிறது. ஊட்டிக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். நாமக்கல் மலைக்குச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பணம் இல்லாததால் சுற்றுலாவுக்கு வராமல் வீட்டில் இருந்துவிடுகிற அந்தப் பிள்ளையும் இந்தப் பயணத்துக்கு வரமுடியும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிதாகப் படுகிறது.

ஏற்காட்டுக்கு எப்படியும் போவீர்கள். போனால் அங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் அங்கே இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கணக்கையே மாற்றியவர். படகுத்துறைக்குப் போகிற அவசரத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்த வாரத்தில் நாமக்கல் குகைகளுக்கும் தாரமங்கலத்துக்கும் போகலாம். குகையும் மண்டபமும் என்பதால் மழை வந்தாலும் ஒதுங்க இடம் உண்டு. சங்ககிரிக்கும் ஆத்தூருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வெயில் ஏறுவதற்கு முன். மேட்டூர் நீர்மட்டத்தைக் கோடைவிடுமுறையில் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டே இருந்தால், ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்ததும் நந்தி தெரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எந்த இடத்துக்குப் போவதாக இருந்தாலும் நீங்கள் மட்டும் ஒரு வாரம் முன்பாகப் போய்ப் படிகளையும் நிழலையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு வாருங்கள். நாமக்கல் மலைக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமானால் நானும் உடன் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
நாமக்கல் மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவன்